பலகையைத் தேடாதீர்கள், கணக்கேட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் தங்கக் கூடாது என்று வைத்திருந்த அமெரிக்க ஊர்களை ‘சன்டவுன் டவுன்’ என்பார்கள். இவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் ஊர் எல்லையில் நின்ற எச்சரிக்கைப் பலகையோடு நிறுத்திவிடுகிறார்கள். பலகையே வைக்காத ஊர்களும் ஏராளம். “எங்கள் ஊரில் அப்படிச் சட்டமே இருந்ததில்லை” என்று அங்குள்ளவர்கள் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நகரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1917இலேயே செல்லாததாக்கியது. பிறகு அந்த வேலையைப் போலீஸ்காரரும் வீட்டுத் தரகரும் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற கிரயப் பத்திரத்தின் ஒற்றை நிபந்தனையும் பார்த்துக்கொண்டன.

ஆகவே தடயம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. பத்தாண்டுக்கொரு முறை எடுத்த எண்ணிக்கையை வரிசையாக வைத்து, கறுப்பினத்தவர் தொகை எங்கே சட்டென்று சரிகிறது, அடுத்தடுத்த கணக்கிலும் ஏறாமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தத் தொகை இங்கே ஏமாற்றும். வெள்ளையர் வீட்டில் தங்கி வேலை செய்தவர்களும் சிறைக் கைதிகளும் அதில் சேர்ந்திருப்பார்கள். குடும்பத் தலைவர் என்று பதிவானவர்களை மட்டும் எண்ணினால்தான் உண்மை தெரியும். பெயர்வாரித் தாள்கள் 72 ஆண்டு கழித்தே திறக்கப்படுவதால் இப்போதைக்கு 1950 வரைதான் பார்க்க முடியும். 1890ஆம் ஆண்டின் தாள்கள் தீ விபத்தோடு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. அந்த ஆண்டுக்கு அச்சான அட்டவணைகளே கதி. இன்னொன்று: பூஜ்யம் மட்டுமே சாட்சியாகாது. பிழைப்பில்லாததால் யாருமே போகாத சிற்றூராகவும் அது இருக்கலாம். அக்கம்பக்கத்து ஊர்களின் எண்ணிக்கை, பழைய செய்தித்தாள், முதியவர்களின் வாய்மொழி இவற்றோடு பொருத்திய பிறகே பெயர் சூட்ட வேண்டும்.

ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டியில் இந்தச் சரிவு அப்பட்டமாகத் தெரியும். 1912இல் ஏறத்தாழ 1,100 கறுப்பினத்தவர் விரட்டப்பட்டார்கள். 1987 ஜனவரியில் அங்கு அமைதி ஊர்வலம் போனவர்கள்மேல் கல் விழுந்தது; அடுத்த வாரம் ஊர்வலத்துக்கு ஆதரவாகச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். 1912இல் அங்கு நடந்த கும்பல் கொலையைப் பேசுகிற அளவுக்கு விரட்டப்பட்டவர்களின் நிலத்தைப் பேசுவதில்லை என்பது என் குறை. சிலர் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். விட்டுவிட்டு ஓடியவர்களின் நிலத்துக்குப் பக்கத்துக்காரர் வரி கட்டியே உரிமையாளராகிவிட்டார். வரி ஏட்டில் பெயர் மாறியிருக்கும். விற்ற பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது.

இண்டியானாவின் கோஷென் நகர மன்றம் 2015இலும், கலிபோர்னியாவின் கிளென்டேல் 2020இலும் தம் கடந்த காலத்தைத் தீர்மானம் போட்டு ஒப்புக்கொண்டன. நம்மவருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் 1907 செப்டம்பரில் மரஆலைகளில் உழைத்த இந்தியர்களை, பெரும்பாலும் சீக்கியர்களை, கும்பல் அடித்துத் துரத்தியது. அதை நினைவுகூரும் வளைவு அங்கே எழ 2018 ஆயிற்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்