அடைபட்ட ஆழ்துளைக் கிணறுகளைச் சீராக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைதூர இடங்களில் ஆழ்துளைக் கிணறுகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அப்பணிக்கு உத்தரவிடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தண்ணீர் குறைந்துவிட்டது, கலங்கி வருகிறது, துர்நாற்றம் வீசுகிறது என்று தகவல் வந்ததும், "ஒரே நாளில் முடித்துவிட்டுத் திரும்புங்கள்" என்று சொல்லித்தான் குழுவை அனுப்புகிறீர்கள். அந்த அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆனால் அந்த ஒரு நாள் எதில் செலவாகிறது என்பதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் உடனிருந்த ஓரிடத்தில், மோட்டாரை வெளியே எடுக்காமலேயே மேலிருந்து பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் நீரை இறைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று குறித்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் நீர்வரத்து மறுபடியும் விழுந்தது. இரண்டாவது பயணத்தில் மோட்டாரை மேலே ஏற்றியபோது, அதன் நீர் உறிஞ்சும் வலை முழுவதும் செம்பழுப்பு நிறக் கூழ் அப்பிக் கிடந்தது. விரலால் வழித்தால் பாசி போல வழுக்கியது. அதற்கடியில் துரு பொருக்காக இறுகியிருந்தது. முதல் நாள் ஊற்றிய மருந்து அந்தப் பொருக்கைத் தொடக்கூட இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. கேலியனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் போன்ற இரும்பு பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள இரும்பைத் துருவாக மாற்றி, வழவழப்பான படலத்துக்குள் வாழ்கின்றன. மேலே ஊற்றும் குளோரின் படலத்தின் வெளிப்புறத்தை மட்டும் கொன்றுவிட்டு, இரும்போடும் கரிமப் பொருளோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. அளவைக் கூட்டினால் சரியாகும் என்று மூட்டையோடு கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். குளோரினைத் தரும் தூளான கால்சியம் ஹைப்போகுளோரைட் மிகுந்தால் நீரின் காரத்தன்மை ஏறி, குளோரினின் கிருமிநாசினி ஆற்றல் குறைகிறது. கடின நீராக இருந்தால் சுண்ணாம்பும் படிகிறது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 17.7 லிட்டர் நீர் நிற்கும். 60 மீட்டர் நீருக்கு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் கிடைக்க, 65 சதவீத வீரியமுள்ள தூள் சுமார் 165 கிராம் போதும். குழாயைச் சுற்றியுள்ள ஜல்லிக்கும் சேர்த்து மூன்று மடங்கு எடுத்தாலும் அரை கிலோதான். எனவே, மருந்தைவிடத் தூரிகைக்கும் கம்ப்ரசருக்கும்தான் வண்டியில் முதலில் இடம் ஒதுக்க வேண்டும்.

மோட்டாரை எடுத்து, குழாயின் உட்சுவரையும், நீர் உள்ளே வரும் துளைகளுள்ள வடிப்பானையும் தூரிகையால் தேய்த்து, பிஸ்டன் போன்ற அடைப்பானை மேலும் கீழும் இழுத்து நீரை அலைக்கழித்து, உதிர்ந்த கசடைக் காற்றழுத்தத்தால் வெளியேற்றிய பிறகே குளோரினைச் சேர்க்க வேண்டும்; சேர்த்த பிறகும் அலைக்கழித்து, ஓர் இரவாவது விட்டுவைக்க வேண்டும். ஒரே நாள் என்ற உங்கள் கெடு முதலில் உடைவது இங்கேதான். அதை இரண்டு நாளாக நீட்டிக் கொடுங்கள், மூன்றாவது பயணம் மிச்சமாகும். அந்த இரவுக்கான குடிநீரைக் குழுவோடே அனுப்பிவிடுங்கள்.

சுண்ணாம்புப் படிவு இறுகியிருந்தால் அமிலம் தேவைப்படும். சல்ஃபாமிக் அமிலம் தூளாகக் கிடைப்பதால், கரடுமுரடான பாதையில் திரவ அமிலத்தைக் கொண்டு செல்வதைவிட இது பாதுகாப்பானது. ஆனால் அமிலமும் குளோரினும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயு எழும். சுண்ணாம்பு கரையும்போது கரியமில வாயுவும் வரும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்குபவை. அமிலத்தை முழுவதும் இறைத்து வெளியேற்றும்வரை குளோரின் டப்பாவைத் திறக்கக்கூடாது, கிணற்றடிப் பள்ளத்தில் யாரும் இறங்கக்கூடாது என்பதை எழுத்து மூலமான ஆணையாகவே கொடுங்கள். மருத்துவ உதவி எட்டாத இடத்தில் இதில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள வழியில்லை.

உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது வேறொன்று. ஒவ்வொரு கிணற்றின் ஆழம், குழாயின் விட்டம், வடிப்பான் இருக்கும் இடம், நிலைநீர் மட்டம் (இறைக்காதபோது நீர் நிற்கும் மட்டம்), கிணறு புதிதாக இருந்தபோது இறைக்கையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்க எவ்வளவு நீர் வந்தது என்ற கணக்கு, இவை அலுவலகத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடைசிக் கணக்கு 10, 15 சதவீதம் குறையும்போதே குழுவை அனுப்பினால் படலம் இன்னும் இளகியே இருக்கும், தூரிகைக்கு வழிவிடும். தண்ணீர் நின்றபிறகு அனுப்பினால் எந்தக் கருவியும் வேகம் காட்டாது. இந்த விவரம் எதுவும் இல்லாமல் அங்கே போய் ஆழம் பார்ப்பதிலேயே அரைநாளைத் தொலைத்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே பயணத்தில் பல கிணறுகளைப் பார்க்கச் சொல்லும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கழுவாத தூரிகையும் கயிறும் குழாயும் ஒரு கிணற்றின் பாக்டீரியாவை அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோகின்றன. ஒரு கிணற்றை முடித்து அடுத்ததற்குப் போகுமுன் கருவிகளைத் தேய்த்துக் கழுவி, குளோரின் நீரில் ஊறவைக்கும் நேரத்தையும் பயணத் திட்டத்திலேயே சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களோடு களத்தில் நின்ற ஒருவர்