ஜிம்மி கிரஹாமுக்குக் கொடுத்த விலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வது குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2015 மார்ச்சில் டைட் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியினரைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வேண்டியவர்) ஆட்டக்காரர் ஜிம்மி கிரஹாமை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிடமிருந்து வாங்கியது சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு லாபமே என்றும், மூன்று பருவங்களில் அவர் எடுத்த 18 டச் டவுன்களே (எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்ப்பது டச் டவுன்) அதற்குச் சான்று என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. சியாட்டிலுக்கு அருகே குடியிருந்து அந்த மூன்று பருவங்களையும் விடாமல் பார்த்தவன் என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை. வரவை எழுதிவிட்டுச் செலவை எழுதாமல் விட்ட கணக்கு அது.

ஆண்டுதோறும் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி டிராஃப்ட். கிரஹாமுக்கும் அதன் நான்காம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றுக்கும் ஈடாக சியாட்டில் கொடுத்தவை இரண்டு: அவ்வாண்டு டிராஃப்டின் 31ஆவது தேர்வுரிமை ஒன்று, சென்டர் மேக்ஸ் அங்கர் மற்றொன்று. சென்டர் என்பவர் பந்தைக் காலிடையே பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கிவைப்பதோடு, எதிரணியின் நிற்கும் முறையைப் பார்த்து, யாரை யார் தடுக்க வேண்டும் என்று தம் தடுப்பு வரிசைக்குச் சொல்பவர். அங்கர் 2012இல் நாட்டின் தலைசிறந்த சென்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பந்தை எடுத்துக்கொண்டு ஓடாதவர் என்பதால் இவருடைய உழைப்பு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

சியாட்டில் ஏன் ஆசைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், சூப்பர் பௌல் எனும் இறுதிப்போட்டியில் வெற்றிக்கு ஒரே ஒரு யார்டு மிச்சமிருக்க, வீசிய பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்து 28–24 என்று பேட்ரியட்ஸிடம் தோற்றிருந்தோம். ஆறடி ஏழங்குல உயரமும், 2013இல் மட்டும் 16 டச் டவுன்களும் கொண்ட ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ற ஏக்கம் ஊரெங்கும் இருந்தது. என் மைத்துனர் மறு வாரமே கிரஹாமின் 88ஆம் எண் ஜெர்சியை வாங்கி வந்தார்.

அதே ஜெர்சியோடு அவர் என் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து, செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தைப் பார்த்தார். கிரஹாம் டச் டவுன் எடுத்தபோது எழுந்து நின்று கைதட்டினார். ஆனால் கூடுதல் நேரத்தில், நான்காவதும் கடைசியுமான முயற்சியில், மீண்டும் ஒரே ஒரு யார்டு தேவைப்பட்டது. பந்து எங்கள் ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்சின் கையில். அவருக்கு முன்னே அங்கர் இல்லாத வரிசை. அந்த வரிசை பின்னுக்குத் தள்ளப்பட்டது, லிஞ்ச் அங்கேயே மடக்கப்பட்டார், ஆட்டம் 34–31 என்று கைநழுவியது. மைத்துனர் ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியை அணைத்தார். எதை விற்று எதை வாங்கினோம் என்பது எனக்கு அந்த ஒரு யார்டில் விளங்கிற்று.

அன்று மட்டும் பந்து வீசும் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சன் ஆறு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் 45 முறை. அங்கரின் இடத்தில் முதலில் நிறுத்தப்பட்டவர், கல்லூரியில் தற்காப்பு வரிசையில் ஆடிவிட்டு இந்தப் பக்கம் மாறி வந்தவர். பருவத்தின் நடுவிலேயே அவரையும் மாற்ற வேண்டியிருந்தது. பந்து வீசுபவருக்கு நிற்க நேரம் இல்லையென்றால், அதைப் பிடிப்பவர் எத்தனை உயரமாக இருந்து என்ன பயன்?

இதற்காகக் கிரஹாமைப் பழிப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். தாம் பெரும்பாலும் வரிசையை விட்டு விலகி நின்று பந்து பிடிப்பவர் என்று 2014இல் ஊதியத் தகராறில் நடுவர் முன்பு வாதாடியவர் அவர். டைட் எண்ட் என்றே தீர்ப்பானாலும், அவருடைய ஆட்டம் எத்தகையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே வாங்கிவந்து, ஓட்டத்தை நம்பி ஆடும் அணியில் அவரைத் தோள் கொடுத்துத் தடுக்கச் சொன்னது நிர்வாகத்தின் பிழை. நவம்பர் 29 அன்று ஸ்டீலர்ஸுக்கு எதிராக, உயரே வந்த பந்துக்காகப் போராடி விழுந்தவர் முழங்காலைப் பிடித்தபடி எழ முடியாமல் கிடந்ததும், வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுசெல்லப்பட்டதும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. தசைநாண் அறுந்த அந்தக் காலோடு அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கே திரும்பி, அந்த ஆண்டில் பந்து பிடித்து 923 யார்டு எடுத்தார். சீஹாக்ஸ் டைட் எண்ட் எவரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. இதைவிட ஒரு வீரரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

செயின்ட்ஸ் அணிக்கும் எல்லாமே கைகூடவில்லை. அந்த 31ஆவது தேர்வில் எடுத்த ஸ்டெஃபோன் ஆண்டனியை இரண்டே ஆண்டுகளில் மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அங்கர் நான்கு பருவங்கள் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸுக்கு முன்னே அரணாக நின்றார்; 2017, 2018 இரண்டிலும் அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 2017இல் சியாட்டிலோ பிளே-ஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றுக்கே போகவில்லை. அடுத்த மார்ச்சில் கிரஹாமும் கிரீன் பே அணிக்குப் போய்விட்டார்.

ஆகவே இந்தப் பரிமாற்றத்தைப் பற்றி இனி எழுதும்போது, கிரஹாமின் 18 டச் டவுன்களுக்குப் பக்கத்திலேயே மேக்ஸ் அங்கரின் பெயரையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சியாட்டில்.