அது எந்த ஒரு வாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், ‘சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டுவலி தற்காலிகமானதே. ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். அதற்கு மேலும் வலிக்கிறது என்பவர்கள் மனதை வேறு வேலையில் திருப்பினால் போதும்’ என்று போட்டிருந்தீர்கள். மனதைத் திருப்பிவிடலாம். தண்ணீர்க் குழாயைத் திருப்ப முடியவில்லையே, அதற்கு என்ன செய்ய?

எனக்கு வந்தது 2006-ல். நான் தையல்காரி. காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிட்டது, அப்புறம்தான் கதையே. இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால், விரல் மூட்டு அத்தனையும் ஒரே நேரத்தில் வீங்கின. காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை முக்கி அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் டம்ளரைப் பிடிக்க வரும். ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பதில் எங்கள் தெருவில் எனக்குப் பெயர். அந்த நான் ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டேன். தீபாவளிக்கு வந்த பதினெட்டு ஜாக்கெட் துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். “நடிக்கிறாள்” என்றார் மாமியார். அவராவது வீட்டுக்குள் சொன்னார், நீங்கள் அச்சடித்து விற்கிறீர்கள்.

அந்த ஒரே வருடத்தில் நாட்டில் 13 லட்சம் பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் என்று கணக்கு வந்தது உங்களுக்குத் தெரியாததா? 1952-ல் தான்சானியாப் பக்கம் முதலில் கண்ட நோய் இது. பெயரும் அங்குள்ள மகொண்டே மக்களின் சொல்தான், வளைந்து மடங்கிப் போவது என்று அர்த்தம். ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிடுகிற நோய்க்கா அப்படிப் பெயர் வைப்பார்கள்?

‘தற்காலிகம்’ என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். வைரஸோடு மல்லுக்கட்டுகிற உடம்பு மூட்டுச் சவ்வையும் சேர்த்து வீங்க வைத்துவிடுகிறதாம். முடக்குவாதம் போல எலும்பை அரிப்பது அபூர்வம். பலருக்குச் சில வாரங்களில் அடங்கும், சிலருக்கு மாதக்கணக்கு, வருடம் தாண்டுகிறவர்களும் உண்டு என்றார். எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆனால் அதைக் கேட்ட அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கு முன் நான் செய்த முட்டாள்தனம் வேறு. ஒரு வாரத்தில் போய்விடும் என்று அன்றைக்கும் ஒருவர் சொன்னார். எட்டாம் நாளும் போகவில்லை, ஆயுசுக்கும் கை போச்சு என்று பயந்து தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். என்ன ஊசி என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் பறந்தேன், மூன்றாம் நாள் மறுபடி படுத்தேன். ஸ்டீராய்டு என்று பின்னால்தான் தெரிந்தது. உங்கள் ‘ஒரு வாரம்’ இன்னும் எத்தனை பேரை அந்த வாசலுக்கு அனுப்புமோ.

அதே பக்கத்தில் ராத்திரி கொசுவலைக்குள் தூங்கும் குழந்தையின் படம். அழகான குழந்தை. இந்த நோயைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் என்று உங்கள் பத்திரிகையிலேயே படித்தவள் நான்! ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் டிரம்மில் பிடிக்காமல் என்ன செய்வது, அதில் கொசு வராமல் என்ன செய்யும் என்று இரண்டு வருடத்துக்கு முன் விரிவாக எழுதினேன். ‘தண்ணீர்ப் பிரச்சினை தீருமா?’ என்று ஒரே வரியாக்கிப் போட்டீர்கள். மிக்க நன்றி. கோலப் பக்கத்தில் ஷாம்பு பாக்கெட்டை ஒட்டி, பிரித்தால் கோலமே கிழிகிறது என்று எழுதியதற்கு அந்த ஒரு வரிகூட இல்லை.

சரி, கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் ‘ஒரு வாரம்’ என்பதை ‘சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்’ என்று திருத்துங்கள். ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் வடியாவிட்டால் மூட்டு டாக்டரிடம் காட்டி, முடக்குவாதத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி ஒரு வரி சேருங்கள். இடம் இல்லை என்றால் நாலு பக்க ராசிபலனில் என் ராசியை ஒரு தடவை விட்டுவிடுங்கள். மகரம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.