ஜாங்சாவில் தவறியது துணிவல்ல

ஆசிரியருக்கு,

கொரியாவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஜாங்சாவில் கொரியப் போரின்போது நடந்த தரையிறக்கம் பற்றிய தென்கொரியப் போர்ப்படத்தின் விமர்சனம் (ஞாயிறு இணைப்பு) மாணவர் வீரர்களின் தியாகத்தோடு நின்றுவிட்டது. 1950 செப்டம்பரில், முதன்மைத் தரையிறக்கம் நடக்கவிருந்த இன்ச்சானிலிருந்து எதிரியான வடகொரியப் படையின் கவனத்தைத் திருப்ப, இரண்டு வாரப் பயிற்சியே பெற்ற 772 பேரை, அதுவும் சூறாவளி வீசும்போது, முன்சான் என்ற தரையிறக்கக் கப்பலில் அனுப்பியது திட்டப் பிழை. கப்பல் தரைதட்டியது. மாணவர்கள் கயிற்றைப் பற்றி நீந்திக் கரையேறினர்.

கரையில் நேராக முட்டி நின்று முன்கதவு வழியே படையை இறக்கும் இவ்வகைக் கப்பல், கரையேறுமுன் பின்புற நங்கூரத்தை இறக்கிவிடும். பின்வாங்க அதுவே பிடிமானம். கடற்பணியாளர் அறிந்ததுதான்: நங்கூரம் பிடிக்காவிட்டால் அலை கப்பலைக் குறுக்காகத் திருப்பிவிடும், முன்கதவு பயன்படாது. மூன்று நாள் உணவோடு போனவர்கள் 19ஆம் தேதிதான் மீட்கப்பட்டனர். போர்ப்பட விமர்சனங்களுடன் சிறு வரைபடமும் காலவரிசையும் வெளியிடலாம்.