சமோசா விஷயம்

அன்புள்ள செல்வி,

நாலு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் முகப்பருவை எண்ணிச் சொல்கிறாள்.

துத்தநாக ஆக்சைடு ஃபிலிமில், அதாவது மெல்லிய படலத்தில், முக்கோணத் துகள்கள் வளர்ந்திருப்பதாகப் பீற்றிக்கொண்டு ஏஎஃப்எம் படம் (ஊசிமுனையால் பரப்பைத் தடவித் தடவி எடுக்கும் நுண்ணோக்கிப் படம்) அனுப்பினேனே, நீகூட ‘சமோசா மாதிரி இருக்கு’ என்றாயே, அது துகளே இல்லையடி.

செவ்வாய் ராத்திரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாச் சமோசாவும் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணாடி மேல் வளர்ந்த ஃபிலிம் அப்படி அணிவகுத்து நிற்குமா? சாம்பிளைப் பிய்த்து, 90 டிகிரி திருப்பி ஒட்டி, மறுபடி ஸ்கேன் போட்டேன். வரி வரியாகப் படம் இறங்க இறங்க வயிற்றைக் கலக்கியது. சாம்பிள் திரும்பியிருக்கிறது, முக்கோணம் திரும்பவில்லை. தடவுகிற ஊசியை, அதான் டிப்பை, கழற்றிவிட்டுப் புது டிப் மாட்டினேன். உருண்டை உருண்டையாக வந்தது.

டிப் முனை உடைந்திருக்கிறது. புது முனையின் ஆரம் 10 நானோமீட்டர் வாக்கில்தான் இருக்கும். அது மழுங்கி, துகளைவிடப் பெரிதாகிவிட்டால், துகள்தான் டிப்பைப் படம் பிடிக்கும். ஆக, மூன்று மாதமாக நான் எடுத்தது என் டிப்பின் பாஸ்போர்ட் போட்டோ! சொரசொரப்புக் கணக்கும் போச்சு. மழுங்கின டிப் பள்ளத்தின் அடிவரை இறங்காது, ஃபிலிம் நிஜத்தைவிட வழவழப்பாகத் தெரியும். கணபதி சார் இருந்தால் ‘ஸ்கேல் பழுதா, நீ பழுதா’ என்றிருப்பார்.

1986-ல் பின்னிக், குவேட், கெர்பர் மூன்று பேரும் முதல் ஏஎஃப்எம் செய்தபோது தங்கத் தகட்டில் வைரத் துணுக்கை ஒட்டி டிப் ஆக்கினார்களாம். நகைக்கடைதான். எங்கள் லேபிலோ ஒரு சிலிக்கான் டிப்பைத் தேய்ந்த செருப்பு மாதிரி இழுக்கச் சொல்கிறார்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. கிராஃபைட் மேல் டிஎன்ஏ-வை எஸ்டிஎம்மில் (ஏஎஃப்எம்முக்கு அக்கா, இதுவும் ஊசிமுனை நுண்ணோக்கிதான்) பார்த்துவிட்டோம் என்று ஒரு காலத்தில் ஆளாளுக்குப் படம் போட்டார்கள். 1991-ல் இரண்டு பேர் டிஎன்ஏ ஒரு பொட்டுகூட வைக்காத வெறும் கிராஃபைட்டிலேயே அதே மாதிரி முறுக்குகளைக் காட்டிவிட்டார்கள். அவர்களுக்கு முறுக்கு, எனக்குச் சமோசா.

சிரிக்காதே. மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. ‘முக்கோண’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது. அன்று ராத்திரி அந்த 90 டிகிரி ஃபைலை அழித்துவிடலாமா என்று கை ஒரு தடவை போனது, செல்வி. யாருக்குத் தெரியப்போகிறது? அதுதான் பயமாக இருந்தது. அழிக்கவில்லை. இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கைடிடம் சொல்லப்போகிறேன். அன்று ராத்திரி போன் பண்ணு, நான் அழுதாலும் வைக்காதே. அப்புறம், சமோசா விஷயத்தை உன் ஆபீஸில் யாரிடமும் உளறிவிடாதே.

உன்,
மங்கை