உணவகம் நடத்துபவர்களே, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று கேளுங்கள்

உணவகம் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு ஓர் உணவகத்தில் இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்டோம். பதினொன்றரைக்கு என் மகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். ஒரு மணிக்கு என் மனைவியும். காலையில் அந்த உணவகத்துக்குப் போன் செய்தேன். "நேற்று எத்தனையோ பேர் சாப்பிட்டார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்று வைத்துவிட்டார்கள். நான் பணம் கேட்கக் கூப்பிடவில்லை. இன்னொருவருக்கு இப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் கூப்பிட்டேன்.

எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் தொற்றினால் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு 6 நாள் வரைகூட ஆகலாம். ஆனால் பழி என்னவோ கடைசியாகச் சாப்பிட்ட இடத்தின் மேல்தான் விழுகிறது. பால் ஒத்துக்கொள்ளாதது, பித்தப்பைக் கல் என்று கிருமிக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு.

ஆனால் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி என்றால், உணவிலேயே உருவாகியிருந்த நச்சைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி மூக்கிலும் தோலிலும் விரல் புண்ணிலும் இருப்பது. சமைத்த உணவைக் கையால் தொட்டு வெளியிலேயே வைத்திருந்தால் பெருகிவிடும். வெந்த அரிசியில் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமி வரும். அதன் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) கொதிக்கும் நீரிலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டும் உண்டாக்கும் வாந்தி நச்சு சூடாக்கினாலும் போகாது. "திரும்பச் சூடு பண்ணித்தானே கொடுத்தோம்" என்பது இங்கே பதிலே இல்லை.

வாந்தி அதிகம் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடித்து இழுத்துப் பேதியானால் பெரிய பாத்திரங்களைப் பாருங்கள். ஆறாமல் நடுவில் வெதுவெதுப்பாகவே கிடக்கும் குழம்பும் இறைச்சியும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்குத் தோதான இடம். ஆழம் குறைந்த தட்டுகளில் பிரித்து ஆறவைத்தால் 2 மணி நேரத்தில் 60 டிகிரியிலிருந்து 21க்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5க்கும் இறக்கிவிடலாம். மீன் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து தலை வலித்தால், அது சரியாகக் குளிரில் வைக்காத மீனில் சேர்ந்த ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையாக இருக்கலாம்.

இப்படி நேரத்தைக் கேட்டாலே சமையலறையில் எங்கே தேடுவது என்று பாதி தெரிந்துவிடும். அதனால்தான் போனை வைத்துவிடாதீர்கள் என்கிறேன். என்ன சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள், எப்போது ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், சிறுநீரே வராமை என்று சொன்னால் உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்களிடம் வேலை செய்கிறவர்கள். வாந்தி பேதி நின்று 48 மணி நேரமாவது ஆகும்வரை அவர்கள் உணவைத் தொடக் கூடாது. நோரோ வைரஸுக்குக் கைகளில் தடவும் ஜெல் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். இதெல்லாம் பலருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மறைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் கொடுங்கள்.

என் மகளும் மனைவியும் இரண்டே நாளில் தேறிவிட்டார்கள். அன்று இரவு மிஞ்சிய உணவை மறுநாள் யாருக்காவது பரிமாறினார்களா என்பதுதான் இன்னும் என் மனதை அரிக்கிறது.