பிள்ளைகளையும் ஏன் அழைத்துப் போனேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். வெளிநாட்டில் பிளந்த உதட்டுக்கு ஆபரேஷன் நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை எதற்கு அழைத்துப் போனாய் என்று கேட்டிருந்தீர்கள். போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

இந்த நாட்டில் பிளந்த உதட்டோடு நடமாடும் சிறுவர்களை நான் தெருவில் பார்த்ததே இல்லை. இங்கே அப்படி யாரும் பிறப்பதில்லை என்று அர்த்தமல்ல. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ, அதாவது வாயின் மேற்கூரையிலோ, பிளவுடன் பிறக்கிறது. இங்கே ஆறு மாதத்துக்குள் உதட்டைத் தைத்துவிடுகிறார்கள். அண்ணத்தையும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடுகிறார்கள். இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகள், குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரைப் போல வைத்தியமும் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்றே நினைத்திருந்தார்கள். உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவைச் சிகிச்சை எட்டவில்லை என்று லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் சொன்னதை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அது ஓர் எண்ணாக மட்டுமே இருந்தது.

இந்தப் பிளவுகளைச் சரிசெய்ய எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு வெளிநாட்டு மலையூர் ஒன்றுக்குப் புறப்பட்டபோது, சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு நாங்களும் கிளம்பினோம்.

பிள்ளைகள் அறுவை அரங்குக்குள் கால் வைக்கவே இல்லை. அதில் நான் கண்டிப்பாக இருந்தேன். டாக்டராகும் ஆசை இருக்கிறது என்பதற்காகப் பள்ளிப் பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுத்துப் பார்க்கும் குழுக்களும் உண்டு என்று கேள்விப்பட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஏழை வீட்டுக் குழந்தையின் உடம்பு யாருக்கும் பயிற்சிக்களம் அல்ல. நோயாளிகளைப் படம் எடுக்கவும் பிள்ளைகளை அனுமதிக்கவில்லை.

ஆனால் அரங்குக்கு வெளியே செய்ய வேண்டியவை ஏராளம். உங்கள் மாப்பிள்ளை, கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் பக்கத்திலேயே கிடந்தார். கருவிகள் 121 டிகிரி நீராவியில் குறித்த நேரம் முழுக்க இருந்தாக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அங்கே அது அடிக்கடி போனது. ஜெனரேட்டரும் பேட்டரிகளும் அவர் பொறுப்பு. சின்னவன் காத்திருக்கும் குழந்தைகளோடு விளையாடினான். மயக்க மருந்துக்கு முன் திட உணவு என்றால் ஆறு மணி நேரம், தாய்ப்பால் என்றால் நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். பசியில் அழும் குழந்தையின் கவனத்தைத் திருப்புவது சாதாரண வேலை இல்லை. ஆபரேஷன் முடிந்த குழந்தைகள் தையலைப் பிய்த்துவிடாமலிருக்க, முழங்கை மடங்காதபடி அட்டையை வளைத்துத் துணி சுற்றிக் கட்டுவார்கள். அதற்கான துணிகளை அளந்து வெட்டி அடுக்கி வைத்ததும் அவன்தான்.

பெரியவள் பதிவு மேசையில் இருந்தாள். எடை பார்த்து எழுதுவாள். மொழிபெயர்ப்பாளர் வழியாக அங்கே அவள் அதிகம் கேட்டது, "நான் என்ன தவறு செய்தேன்?" என்ற தாய்மார்களின் கேள்விதான். உதடு உருவாவது கர்ப்பத்தின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. பரம்பரையும் வேறு பலவும் சேர்ந்து வருவது இது, உங்கள் குற்றம் இல்லை என்று உள்ளூர் நர்ஸ் ஒருவர் ஒவ்வொரு தாயிடமும் சொன்னார். எத்தனையாவது முறை சொன்னாலும் முதல்முறை சொல்வதைப் போலவே சொன்னார்.

உதட்டு ஆபரேஷனுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: குழந்தைக்குப் பத்து வாரம் ஆகியிருக்க வேண்டும், பத்து பவுண்டு, அதாவது நான்கரைக் கிலோ எடை இருக்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பத்துக்குக் குறையக் கூடாது. நெடுந்தூரம் பயணம் செய்து வந்த ஒரு தாயின் குழந்தை மூன்றிலும் தேறியது. ஆனால் மூக்கு ஒழுகியது, நெஞ்சில் சளி இரைந்தது. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகி, ஆக்சிஜன் சட்டென்று இறங்கிவிடலாம். மயக்க மருத்துவர் முடியாது என்றார். அவர் சொன்னது சரி. "இவ்வளவு தூரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதா?" என்று பெரியவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். நான் பதில் சொல்லவில்லை. நர்ஸ் அந்தத் தாயை உட்கார வைத்து, குழந்தையின் பெயரை நோட்டில் எழுதி, சளி தீர்ந்ததும் வாருங்கள், நாங்கள் இங்கேயே இருப்போம் என்றார்.

நாங்கள் அப்படிச் சொல்ல முடியாது, அப்பா. நாங்கள் ஊர் திரும்பிவிடுவோம். தையலில் சீழ் பிடித்தாலும், மூடிய அண்ணத்தில் மறுபடி துளை விழுந்தாலும், பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டாலும் பார்க்கப் போவது அவர்கள்தான். அதனால் எங்கள் குழு அறுவை எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, அந்த ஊரின் இளம் மருத்துவரை ஒவ்வொரு மேசையிலும் உடன் நிறுத்தியது. கடைசி நாட்களில் அவரே முதல் கீறலைப் போட்டார். எங்கள் நிபுணர் எதிரே நின்று பஞ்சால் ஒற்றிக் கொடுத்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை அந்த ஊர் நர்ஸ்கள் தங்கள் மொழியிலேயே உரக்கப் படித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவர்கள் எங்கே நிறுத்துவார்கள், எதை எண்ணுவார்கள் என்பது தெரிந்திருந்தது.

சளியோடு திரும்பிப் போன குழந்தைக்கு அந்த மருத்துவரே உதட்டைத் தைத்துவிட்டார் என்று போன வாரம் செய்தி வந்தது. பெரியவள் அதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினாள்.

அடுத்த ஆண்டும் போகிறோம். இம்முறை நிபுணர்கள் குறைவு. கற்றுக்கொடுப்பவர்களும் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களும் அதிகம். பிள்ளைகளும் வருகிறார்கள். உங்களுக்கு இன்னும் மனத்தாங்கல் இருந்தால் எழுதுங்கள், பெரியவளே பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்